பேசும் டொக்டர்களுக்கு நம்பர் போட்டவள்

வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு முதலில் போவது இடுப்பு, அடுத்து போவது மனுஷர் மேல் இருந்த நம்பிக்கை. "காலையிலேர்ந்து நிக்கிறேன்" என்பவர் அப்போதுதான் படியேறியிருப்பார். "ஒரு நிமிஷம் டொக்டரைப் பார்த்தா போதும்" என்பவர் அரை மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டார். என்னைப் போல மேசைக்குப் பின்னால் காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாத்தளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மாடியில், டொக்டர்மார் நாள் வைத்து வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போகிற செனல் சென்டரில் எனக்குப் பன்னிரண்டு வருஷம். தோல் டொக்டர், கண் டொக்டர், பிள்ளை டொக்டர் என்று எல்லாருக்கும் நம்பர் போட்டாச்சு. இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளி கடைசி அறையை உளவளத்துணைக்காரர்களுக்குக் கொடுத்தார். திங்கள் ஒருவர், புதன் ஒருவர், சனி ஒருவர். ஊசி கிடையாது, மருந்துத் துண்டு கிடையாது, முக்கால் மணி நேரம் வெறும் பேச்சு. வீட்டில் நான் தினமும் செய்கிறதை இவர்கள் படித்துவிட்டு வந்து செய்கிறார்களே என்று எனக்கு அன்றே சந்தேகம். அதில் இரண்டு பேருக்குத் தமிழ் வராது. மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

எல்லாரும் தோல் டொக்டருக்கு

கடைசி அறைக்கு வந்தேன் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. தோல் டொக்டரின் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, சும்மா கையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். ரத்தோட்டைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், புதன்கிழமை உளவளத்துணைக்கு இருக்கிற சேரிடம் வருவார். நான் நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து, கழிப்பறைக்குப் போகிறவர் மாதிரி நடந்து, கடைசி நொடியில் அந்த அறைக்குள் நுழைவார்.

முதல் நாள் அவர் நம்பரை நான் என் வழக்கமான குரலில் கூப்பிட்டுவிட்டேன். போகும்போது மேசைக்கு வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து சொன்னார்: "மிஸ், இனிமே கண்ணைக் காட்டுங்க, போதும். கீழ கறுவாக் கடை வச்சிருக்கிறது என் மச்சான்."

வெடித்த கை

உண்மையிலேயே தோல் டொக்டருக்கு வந்தவள் ஃபர்ஹானா. பெயரை மாற்றியிருக்கிறேன், இதை எழுதச் சொன்னது அவள்தான். உக்குவளையிலிருந்து வந்தாள், முப்பது வயது இருக்கும். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெடித்து, விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவுறீங்க என்று டொக்டர் கேட்டதற்கு அவளால் எண்ணிச் சொல்ல முடியவில்லை. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுளு எடுப்பாள். தண்ணீர் முழங்கை வரைக்கும் பட்டதா என்று சந்தேகம் வரும். மறுபடி கழுவுவாள், மறுபடி சந்தேகம். அதற்குள் தொழுகை நேரமே போய்விடும். சமையலறையிலும் அதே கதைதான்.

அவளுக்கு நாலு வயதில் ஒரு மகன். அவனுக்கு ஒரு வருஷமாகக் கரண்டியால்தான் சோறு. தன் கை சுத்தமில்லை என்ற பயத்தில் பிசைந்து ஊட்டுவதை விட்டுவிட்டாள். அதை என்னிடம் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. தோல் டொக்டர் களிம்பு எழுதிக்கொடுத்து, கூடவே கடைசி அறைக்கும் அனுப்பினார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இங்கே எல்லாரும் சேர்ந்து ஆள் பிடிக்கிறோம் என்று நினைத்திருப்பாள். "வருத்தம் கைக்குத்தானே அக்கா? வாய்க்கு ஏன் நம்பர் போடுறீங்க?"

திங்கட்கிழமை மிஸ்

கண்டியிலிருந்து வருகிற இந்த அம்மா அதிகம் பேசமாட்டார். கேட்பார், தலையாட்டுவார், "ம்ம்" என்பார். ஃபர்ஹானா கடையில் சிங்களம் பேசுவாள், ஆனால் மனசில் இருக்கிறதைச் சொல்ல அது போதவில்லை. அதனால் நடுவில் நான் கதிரை போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் அவள் அழுதாள். மிஸ் பேசாமல் இருந்தார். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடுகிறது. இதற்கா கண்டியிலிருந்து பஸ் ஏறி வந்தீங்க என்று எனக்குள் எரிச்சல். பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன்: "மிஸ் சொல்றாங்க, உங்க கை நல்ல சுத்தமா இருக்காம், ஒண்ணும் பயப்பட வேணாமாம்." ஃபர்ஹானாவுக்கு முகம் தெளிந்தது. எனக்கும் திருப்தி.

இப்படியே மூன்று திங்கள். பஸ் நிலையம் வரைக்கும் மனசு லேசாக இருக்கிறதென்றும், வீட்டுக்குப் போனதும் பைப்புக்கு ஓடுவதாகவும் அவள் சொன்னாள். நாலாவது வாரம் என் தமிழ் நீண்டுகொண்டே போனதில் மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்து, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சிங்களத்தில் கேட்டார்: "சாந்தி, நான் ஒண்ணுமே பேசலையே. நீங்க யார் பேசினதை மொழிபெயர்க்கிறீங்க?"

புதன்கிழமை சேர்

சேர் தமிழ். எனக்கு உள்ளே வேலையில்லை, அதனால் அங்கே என்னதான் நடக்கிறது என்ற சந்தேகம் இன்னும் கூடியது. சின்ன வயசில் என்ன நடந்தது, யார் கண்டித்தது, எதற்குப் பயந்தீங்க என்று பழசையெல்லாம் நிதானமாகத் தோண்டுவாராம். ரத்தோட்டை ஆசிரியருக்கு அதுதான் ஒத்துப்போனது. எட்டு மாசமாக வருகிறார், இப்போது கழிப்பறைப் பாவனையெல்லாம் விட்டுவிட்டு நேராக நடந்து போகிறார்.

நடுவில் ஆள் இல்லாமல் தமிழிலேயே பேசட்டும் என்று திங்கட்கிழமை மிஸ் ஃபர்ஹானாவையும் இவரிடம் மாற்றிவிட்டார். அவளுக்கு ஒத்துவரவில்லை. காலமான உம்மா சுத்தம் பார்ப்பவரா என்று சேர் கேட்டது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டு வாரத்தில் சேரே என்னிடம் வந்து, இவங்களுக்கு அவசரம் பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டு, என் வழி சுத்துவழி, சனிக்கிழமைக்கு மாத்துங்க என்றார். முடியாததைத் தள்ளிவிடுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஃபர்ஹானாவோ மேசையில் கைப்பையை வைத்துப் பொரிந்து தள்ளினாள்: "உம்மா கபுர்ல நிம்மதியா இருக்காங்க. அவங்களை எதுக்கு இந்த ரூமுக்கு இழுக்கிறாரு?"

சனிக்கிழமை மிஸ்

சின்னப் பெண். இவருக்கும் தமிழ் வராது, நடுவில் நான்தான். நோட்டுப் புத்தகமும் வீட்டு வேலையும் கொடுக்கிறவர். இது டியூஷன் வகுப்பா என்று நான் முகத்தைச் சுளித்தேன். அவர் முதலில் கேட்டது மார்க்கத்தில் என்ன சொல்கிறது என்று. மௌலவியிடம் கேட்டாச்சு என்றாள் ஃபர்ஹானா. வஸ்வாஸ் என்று பேர் சொன்னாராம், மனசைக் கிளறுகிற வீண் சந்தேகம், ஒரு தரம் கழுவினால் போதும் என்றாராம். அவர் சொன்னதை ஒரு நாள் நம்பினாள். மறுநாள் அவர் சரியாகத்தான் சொன்னாரா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது மிஸ் கேட்டார்: "சுத்தமான்னு வேற யார் யார்கிட்ட கேப்பீங்க?" புருஷன், மதினி என்று வரிசையாகச் சொன்னவள் கடைசியில் என்னைக் காட்டினாள். உண்மைதான். ஒவ்வொரு வாரமும் மேசையில் கையை நீட்டுவாள், "பளிச்சுன்னு இருக்கு தங்கச்சி" என்று நானும் சொல்வேன். புண்ணியம் என்று நினைத்துச் செய்தேன். அந்த ஆறுதல்தான் அவளைத் திரும்பத் திரும்பப் பைப்புக்கு அனுப்புகிறதென்று இந்தச் சின்னப் பெண் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு தரம் கழுவி, சந்தேகத்தோடயே இருந்து பழக வேண்டும், யாரும் பதில் சொல்லக்கூடாது, அதுதான் அவருடைய வைத்தியம். எனக்கும் வீட்டு வேலை கிடைத்தது: "இனிமே அவங்க கேட்டா 'தெரியாது'ன்னு மட்டும் சொல்லுங்க அக்கா. வேற ஒரு வார்த்தையும் வேணாம்."

தெரியாது

அடுத்த சனிக்கிழமை கையை நீட்டினாள். "தெரியாது" என்றேன். அவள் முகம் விழுந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. "நீங்களுமா அக்கா?" என்று கேட்டு, நம்பரையும் எடுக்காமல் படியிறங்கிப் போனாள். இரண்டு சனிக்கிழமை வரவில்லை. இந்தப் பேச்சு வைத்தியத்தை நம்பி ஒரு நல்ல பிள்ளையைத் துரத்திவிட்டோமே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் வந்தாள். பிறகு ஒவ்வொரு சனியும் வந்தாள். கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிஷம், பிறகு பத்து நிமிஷம் கழுவாமல் உட்காருவாள். வியர்த்துக் கொட்டும். பக்கத்தில் நானும் மிஸ்ஸும் கல்லுப் பிள்ளையாராக இருப்போம். எட்டாவது சனி என்று நினைக்கிறேன், மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு சோத்துப் பார்சலோடு வந்தாள். மிஸ் கேட்டுக்கொண்டது அது.

எங்கள் பேசினில் ஒரே ஒரு தரம் கழுவினாள். கடைசி அறையில் பார்சலைப் பிரித்து, பருப்பையும் சோற்றையும் பிசைந்தாள். உருண்டை பிடித்த கை அந்தரத்தில் நின்றது. பையன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறான். அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, சுத்தம்தானே?" சுத்தம்தான், கண் முன்னால் கழுவினியே, ஊட்டு தங்கச்சி என்று என் உடம்பெல்லாம் கத்தியது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "தெரியாது" என்றேன். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் கையையே பார்த்தாள். பிறகு மகனின் வாயில் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் தெரியாது அக்கா. பரவாயில்ல, அவன் சாப்பிடட்டும்."

பேச்சால் வருத்தம் தீருமா, இந்த மூன்று பேரில் யார் நல்லவர் என்று யாராவது மேசையில் கேட்டால், மாத்தளையிலேயே வாய் நீளம் என்று பேர் வாங்கிய நான் இப்போதெல்லாம் இவ்வளவுதான் சொல்கிறேன்: "தெரியாது, முதல்ல எந்த நாளுக்கு நம்பர் போடட்டும்?"