பசுமுதுகில் ஒற்றைத் தடம்

வல்கோம்ப் பனிச்சறுக்கு நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் ஓடில் ஷார்வோவும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பல குளிர்காலங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்குச் சிரிக்கவே தெரியாது என்று பயணிகள் எழுதிப் போடுவார்கள். சிரிப்பாள். கண்ணாடிக்கு வெளியே நிற்பவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள், அவ்வளவுதான்.

அவள் கணவன் ரெமோன் மலை வழிகாட்டி. நல்ல உயரம், நல்ல பேச்சு. சறுக்கப் போன இடத்தில் ஓடிலுக்குப் பனியின் மேல் சந்தேகம் வந்தால், பாதிச் சரிவில் இருந்தாலும் திரும்பி விடுவாள். வாடிக்கையாளர்கள் முன்னால் அப்படித் திரும்பியதை ரெமோனால் பொறுக்க முடியவில்லை. ஒரு வசந்தத்தில் கிரனோபிள் நகரத்துப் பல் டாக்டர் ஒருத்தியோடு போய்விட்டான். போவதற்கு முன் காபிக் கடையில் உட்கார்ந்து, “பாதி வழியில திரும்புறவளோட எந்த மலைக்குப் போறது, எந்த வாழ்க்கைக்குப் போறது?” என்று நாலு பேர் காதில் விழச் சொன்னான். அந்த நாலு பேரும் ஊருக்கே சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் யூ டர்ன் ஓடில்.

அதற்குப் பிறகுதான் தனியாகப் போக ஆரம்பித்தாள். விடுமுறை நாளில் முதல் லிஃப்டில் ஏறி, உச்சியில் கம்பம் நட்ட பாதையை விட்டு விலகி, யாரும் தொடாத பனியைத் தேடிப் போவாள். எங்கள் ஊரில் பாதி பேர் அப்படிப் போகிறவர்கள்தான். ஆனால் கூட ஒரு ஆள் இருக்கும். தனியாகப் போனால் புதைந்த பிறகு தோண்ட யார் வருவார்கள் என்று நான் கேட்டேன். கூட ஆள் இருந்தால் அவன் முன்னால் திரும்பி வர வெட்கமாக இருக்கும், வெட்கத்தில் செத்தவர்கள்தான் நம் இடுகாட்டில் பாதி என்றாள்.

உடம்போடு கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி ஒன்று வைத்திருந்தாள். புதைந்தவர் எங்கே கிடக்கிறார் என்று தேடுகிறவர்களுக்குக் காட்டும் கருவி. பாதுகாப்புப் படையின் தலைவர் மர்செலானுக்கு அதைப் பார்த்தாலே கிண்டல் செய்ய நாக்கு அரிக்கும்.

“தனியாப் போறவளுக்கு இது எதுக்கு ஓடில்? நீ கெடக்குற எடம் மேல பறக்குற காக்காக்குத் தெரியவா?”

“உனக்குத்தான். எல்லாம் முடிஞ்சப்புறம் வருவியே, அப்ப ரொம்ப நேரம் தோண்ட வேணாம்னு.”

மர்செலான் சிரித்துக்கொண்டே போவார். அவருக்கு அவள்மேல் மரியாதை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர.

பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் காலையில் கவுண்டர் அருகே ஒட்டுவோம். நாலு என்று போட்டிருந்தால் ஜனங்கள் பயந்து கம்பத்துக்குள்ளேயே இருப்பார்கள். மூன்று என்றால் நடுவில்தானே என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் சாவது பெரும்பாலும் மூன்றில்தான். ஓடில் எண்ணைப் படித்துவிட்டு அதோடு விட மாட்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, முகட்டின் எந்தத் தோளில் பனியைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கும், சரிவின் அடியில் மேடா, பள்ளமா என்று பார்ப்பாள். அடியில் ஓடைப் பள்ளம் இருந்தால் சின்னப் பனிச்சரிவு கூட ஆளை ஆழத்தில் மூடிவிடும் என்பாள்.

பிப்ரவரிப் பள்ளி விடுமுறையில் அது நடந்தது. மூன்று நாள் விடாமல் பனி, கூடவே வடமேற்குக் காற்று. பிறகு வானம் கழுவி விட்டது போல் நீலமாகத் திறந்தது. ஊர் நிறைய ஜனம். அபாயம் மூன்று. ஓடிலுக்கு அன்று மதிய ஷிப்ட். காலையில் ஒரே ஒரு முறை சறுக்கிவிட்டு வருகிறேன் என்று போனாள்.

இரண்டு பாதைகளுக்கு நடுவே பசுமுதுகு என்று ஒரு சரிவு உண்டு. நாற்காலி லிஃப்டில் போகிற எல்லோருக்கும் அது எதிரேயே தெரியும். குட்டைச் சரிவு, பார்க்கச் சாது. அடியில் ஓடைப் பள்ளம். முகட்டிலிருந்து ஓடில் அதில் இறங்கினாள். முதலில் ஒரு திமில் போன்ற மேடு, அதைச் சுற்றிக்கொண்டு போனால்தான் முழுச் சரிவும் கண்ணில் படும். மேட்டைத் தாண்டியதும் காலடியில் ‘ஹூம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சறுக்குப் பலகையின் முனையிலிருந்து ஒரு விரிசல் கோடு போட்ட மாதிரி ஓடியது. மேலே காற்று அடித்துக் கெட்டியாக்கிய பனிப் பாளம், அடியில் அதோடு ஒட்டாத மாவுப் பனி. அசையாமல் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பாமல், பக்கத்தில் பனி தங்காத பாறை விளிம்புக்கு மெல்ல நகர்ந்து, பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பாறைமேல் நடந்து முகட்டுக்கு ஏறிவிட்டாள்.

அவள் செய்தது சரி. அதைப் பிறகு விசாரித்த நிபுணர்களும் சொன்னார்கள். ஆனால் முகட்டில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? ஒரே ஒரு தடம், அழகாக வளைந்து உள்ளே போய், மேட்டுக்குப் பின்னால் மறைகிறது. திரும்பி வந்ததன் அடையாளம் எங்கும் இல்லை. பாறையில் காலடித் தடம் பதியாது.

உச்சிக் குடிசையில் இருந்த பாதுகாப்புப் படைக்காரரிடம், பசுமுதுகு சத்தம் போடுகிறது, கயிறு கட்டி அடையுங்கள் என்றாள். எச்சரிக்கைக் கொடி ஏற்றித்தான் இருக்கிறது, கம்பத்துக்கு வெளியே போகிறவர்கள் அவரவர் பொறுப்பு, கால் முறிந்த இரண்டு பேர் வேறு பாதையில் காத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அதுவும் பொய்யில்லை. ஓடில் பாதை வழியே கீழே வந்து, ஒரு காபி குடித்து, வேலைக்கு இன்னும் நேரம் இருந்ததால் மறுபடி நாற்காலி லிஃப்டில் ஏறினாள்.

பாதி உயரத்தில் தொங்கும்போது எதிரே முகட்டில் இரண்டு பேரைப் பார்த்தாள். ஒருவன் சறுக்கும்போது ஊன்றும் கைத்தடியால் அவளுடைய தடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். ஓடில் கத்தினாள். நாற்காலியில் எழுந்து நிற்காத குறையாக இரண்டு கைகளையும் ஆட்டினாள். காற்று அவள் குரலை வேறு பக்கம் கொண்டுபோனது. அவர்கள் அவளைப் பார்த்துக் கைத்தடியைத் தூக்கி ஆட்டினார்கள். யாரோ ஒரு பெண் உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு ஒருவன் தடத்தில் பலகையை வைத்து உள்ளே போனான்.

சரிவு முழுக்க ஒரே துண்டாக நகர்ந்தது என்றாள். சத்தம் அவளுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்ததாம்.

லீல் நகரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி அவர்கள். உள்ளே போனவன் தம்பி ஏமெரிக் வசேர். முகட்டில் நின்று பார்த்தவன் அண்ணன் கொரந்தான். உச்சியில் இறங்கியதும் ஓடில் குடிசைக்குத் தகவல் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் பள்ளத்தில் நின்றாள். அவளுடைய கருவி புதைந்தவர் கருவியின் சிக்னலையும் பிடிக்கக்கூடியது, ஆனால் அன்று எதையும் பிடிக்கவில்லை. ஏமெரிக்கிடம் கருவி இல்லை. நிலையத்தில் சறுக்க வருகிறவர்களில் பலரிடம் இருக்காது. நீளக் கம்பிகளால் வரிசையாகக் குத்தித் தேடினார்கள். கடைசியில் நாய்தான் கண்டுபிடித்தது. ஓடில் கையால் தோண்டியிருக்கிறாள், கையுறை கிழிந்து போயிருந்தது. ஏமெரிக்குக்கு உயிர் இல்லை.

போலீசிடம் கொரந்தான் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். “ஒரு தடம் இருந்துச்சு. தெரிஞ்சவங்க யாரோ போயிருக்காங்கன்னு நெனச்சோம்.”

அன்று சாயங்காலம் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அறைக்கு மர்செலான் வந்தார். ஓடில் மதிய ஷிப்டுக்கு உட்காரவே இல்லை, ஈர உடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் பக்கத்தில்.

“அந்தத் தடம் இப்ப இல்ல. சரிவோட போயிடுச்சு. யாருதுன்னு எவனுக்கும் தெரியாது. நீயா போய் வாயத் தொறக்காத ஓடில்.”

“உனக்குத் தெரியுமே.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது.”

மறுநாள் காலை அவளே போலீசிடம் போய், தடம் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். அந்த அண்ணன் வாழ்நாள் முழுக்க இல்லாத ஒரு நிபுணனைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவள் எண்ணம். பின்னால் என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

குற்றம் என்று யாரும் எழுதவில்லை. ஆனால் அவள் சொன்ன உண்மை நிலையத்து நிர்வாகத்துக்கு நல்ல குடையாக விரிந்தது. கயிறு ஏன் கட்டவில்லை என்று கேட்ட பத்திரிகைக்காரர்களிடம், உள்ளூர்ப் பெண் ஒருத்தி அபாயம் தெரிந்தே உள்ளே போனதால்தான் பயணிகள் ஏமாந்தார்கள் என்று பேசினார்கள். அவள் கயிறு கட்டச் சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. குடிசையில் இருந்தவர் அப்படி எதுவும் கேட்ட ஞாபகம் இல்லை என்றார். மர்செலான் தன் படை ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டார், ஓடிலையும் திட்ட மாட்டார். இரண்டுக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். கண்ணாடிக்கு வெளியே பயணிகள் முறைக்கிறார்கள் என்று அவளைக் கவுண்டரிலிருந்து எடுத்துக் கார் நிறுத்துமிடத்துக் கூண்டுக்கு அனுப்பினார்கள். அவள் நன்மைக்காகத்தான் என்றும் சொன்னார்கள்.

ரெமோன் ஒரு நாள் போன் செய்தானாம். என்ன சொன்னான் என்று கேட்டேன். “மொத தடவையா நான் திரும்பாம போயிருந்தா அந்தப் பையன் பொழச்சிருப்பானாம். மொத்தமும் என் மேலயே சரிஞ்சிருக்குமாம்.” அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பனி உருகி ஓடையில் தண்ணீர் வந்த பிறகு, இறந்தவனின் தாய் ஊருக்கு வந்தார். ஓடிலைப் பார்க்க வேண்டும் என்றார். காபிக் கடையில் சந்தித்தார்கள். ஓடில் என்னையும் கூட வரச் சொன்னாள். வசேர் அம்மா நேர்த்தியாக உடுத்திய மெலிந்த பெண்மணி. கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“அது ஒடையும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.”

“ஆமாங்க.”

“அப்புறம் ஏன் நீங்க அங்கேயே நிக்கல? யாராவது வந்தா சொல்றதுக்கு?”

ஓடில் நிறையச் சொல்லியிருக்கலாம். குடிசையில் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். குளிரை, வேலை நேரத்தைச் சொல்லியிருக்கலாம்.

“காபி குடிக்கப் போனேங்க” என்றாள்.

அந்த அம்மா மேசையில் இருந்த கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, “நீங்க உண்மையப் பேசுறவங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல்தான் இருந்தது. அவர் எழுந்து போனார். ரயிலுக்கு நேரமிருந்தும் மழையில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்.

அடுத்த குளிர்காலம் பாதி போகும் வரை ஓடில் பலகைகளைத் தொடவில்லை. ஜனவரியில் ஒரு நாள் மறுபடி மேலே போனாள். முந்தைய இரவு காற்று. பசுமுதுகின் முகட்டில் நின்று பார்த்தாள். முகட்டின் தோளில் பனி குவிந்திருந்தது, ஓரத்தில் தட்டிப் பார்த்தால் மத்தளம் போல் ஒலித்தது. இந்த முறை ஒரு அடி கூட உள்ளே வைக்கவில்லை. போகவும் இல்லை. அங்கேயே நின்றாள்.

மூன்று பேர் வந்தார்கள். போகாதீர்கள் என்று சொன்னாள். நீங்கள் பாதுகாப்புப் படையா என்று ஒருவன் கேட்டான். இல்லை என்றாள். போன வருஷம் இங்கே ஒருவர் செத்தார் என்றாள்.

“அது போன வருஷப் பனி மேடம்” என்றான் அவன். கூட இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சரிவு தாங்கியது. கீழே பள்ளத்தைத் தாண்டி நின்றுகொண்டு அவளைப் பார்த்துக் கைத்தடிகளை ஆட்டி ஊளையிட்டார்கள். தடங்களைப் பார்த்து இன்னும் ஆட்கள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் பசுமுதுகு முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்து கிடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடில் கால் மரத்துப்போகும் வரை அங்கே நின்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். கேட்டுத் திரும்பியவர் ஒருவர் கூட இல்லை.

வேலை முடிந்து நான் வந்தபோது கார் கூண்டில் ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “விடுடி, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அதுதான வேணும்?” என்றேன்.

“கடைசி ஆள் கீழ போய்ச் சேர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன் ஜினெத். ஒரு நிமிஷம், ஒடஞ்சா நல்லாருக்கும்னு நெனச்சேன்.”

கூண்டைப் பூட்டினோம்.

அந்த வாரமே பலகைகளையும் சிக்னல் கருவியையும் விற்றுவிட்டாள். மர்செலான் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் அவருக்குத் தரவில்லை. இன்றும் கார் நிறுத்துமிடத்தில்தான் வேலை பார்க்கிறாள். மத்தியானம் ரொட்டியும் சீஸும் எடுத்துக்கொண்டு நான் அங்கே போவேன். பேச நிறைய இருக்கும். மலையைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் எடுப்பதில்லை.