மதியம் தூங்கும் நகரம்

ஓர் ஊரை யார் ஆள வேண்டும் என்று பதினோரு வயதில் என்னைக் கேட்டிருந்தால், பன்னிரண்டு விதமாகப் பதில் சொல்லியிருப்பேன். பள்ளியில் குடிமையியல் பரீட்சையில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவள்தான். ஆனால் பெரியப்பா மகன் செய்துகொண்டிருந்த விளையாட்டில் பாதி நகரங்களுக்கு நான்தான் அரசாங்கம் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணன் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தான். நண்பர்களோடு ஆடுவதற்காக சார்ட் பேப்பரில் ஓர் உலகத்தையே வரைந்து வைத்திருந்தான். அதில் மலை, கடல், பூதம் காவல் காக்கும் பாலம், பன்னிரண்டு நகரங்கள். பகடை உருட்டி ஊர் ஊராகப் போக வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஆட்சி ஒரு தினுசு. தெரியாமல் நுழைந்தவன் மாட்டிக்கொள்வான். "ராஜாவும் கூடாது, எலெக்‌ஷனும் கூடாது பாப்பா. வேற என்ன வேணா சொல்லு" என்பதுதான் அவன் போட்ட நிபந்தனை.

சொல்வதற்கு எனக்கா பஞ்சம்! ஓர் ஊரில் தையல்காரர்தான் ஆள்வார், எல்லோருடைய அளவும் அவருக்குத்தான் தெரியும் என்பதால். இன்னோர் ஊரில் ஜலதோஷம் பிடித்தவரிடம்தான் அதிகாரம். மூக்கு சரியானால் பதவி போச்சு. பதவியை விட மனசில்லாமல் அவர்கள் மழையில் நனைந்துகொண்டே ஆண்டார்கள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயலும் பெரியப்பா வயலும் ஒரே வாய்க்காலில்தான் பாய்ந்தன. எங்களுடையது மேலே, அவருடையது கீழே. திங்கள் முதல் புதன் வரை தண்ணீர் அவருக்கு, வியாழன் முதல் சனி வரை எங்களுக்கு என்று அப்பாவும் பெரியப்பாவும் முறை பேசி வைத்திருந்தார்கள். அவர் முறையில் எங்கள் மடையை மண் போட்டு அடைத்துவிட வேண்டும்.

ஒரு புதன்கிழமை, பள்ளி லீவு. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். உச்சி வெயில், தூரத்து மரத்தடியில் யாரோ படுத்திருந்ததைத் தவிர களத்து மேட்டில் ஈ காக்கை இல்லை. அப்பா குனிந்து மண்வெட்டியால் எங்கள் மடையை வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் சலசலவென்று எங்கள் வயலுக்குள் போனது. நான் சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே நின்றேன். என்னைப் பார்த்ததும் அப்பாவின் முகம் செத்துவிட்டது. "பயிரு பால் பிடிக்கிற நேரம்மா. அரை மணி நேரந்தான். யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். சொன்னபடியே அரை மணியில் அடைத்தும் விட்டார்.

சொல்லாதே என்றார், எழுதாதே என்று சொல்லவில்லையே. அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஏழாம் நகரத்துக்கு இப்படி எழுதினேன்: இந்த ஊரில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் தூங்க வேண்டும். தூங்காமல் இருப்பவர் அந்த நேரம் மட்டும் சட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். யார் விழித்திருந்தார் என்று மற்றவர்கள் கேட்கக் கூடாது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது அது எங்கள் மடை என்றே எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை ஊருக்கு வந்த அண்ணன் படித்துவிட்டு, "சூப்பர்டி! நாளைக்கு எல்லாரும் சாப்பிட உக்காரும்போது இதைப் படிக்கப் போறேன்" என்றான். அப்போதுதான் உறைத்தது. சேசுவே! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு குடும்பமும் பெரியப்பா வீட்டில்தான் சாப்பிடுவோம். எங்கள் தெருவிலேயே வாய்க்கால் தண்ணீருக்காகப் பேச்சை விட்ட அண்ணன் தம்பி இருந்தார்கள். ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகவில்லை. நாளையோடு நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனும் போவான், அந்த உலகமும் போகும், அப்பா திருடன் ஆவார். எல்லாம் என் கையெழுத்தால்.

"அது நல்லால்லண்ணா, வேற எழுதித் தரேன்" என்று கெஞ்சினேன். குள்ளமானவர்கள் ஆளும் ஊர், ஊமைகள் ஆளும் ஊர் என்று நின்ற இடத்திலேயே நாலைந்து அரசாங்கம் சொன்னேன். நான் எழுதியிருந்த நோட்டை அவன் விடவில்லை. மறுநாள் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணனுக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கட்டவில்லை. எல்லோரும் இலையில் உட்கார்ந்ததும் கணீரென்று படித்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எதிரில் அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பெரியம்மா, "என்ன ஊருடா அது, நம்ம ஊரு மாதிரி" என்று சிரித்தார். பெரியப்பா மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, அந்த ஊர்ல ஒருத்தன் தூங்காம, சும்மா முகத்துல துண்டைப் போட்டுப் படுத்திருந்தான்னா?" என்றார்.

"அவனும் கேக்கக் கூடாதுப்பா. ரூல் ரூல்தான்" என்றான் அண்ணன்.

"நல்ல ரூலு. கேட்டா என்ன ஆவப்போவுது" என்ற பெரியப்பா, பெரியம்மாவிடம் திரும்பி, "தம்பிக்கு இன்னொரு துண்டு மீன் வையி, சாப்பிடாம உக்காந்திருக்கான்" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெரியப்பா விளையாட்டைப் பற்றித்தானே கேட்டார்! ஒன்றும் விளங்கவில்லை அவருக்கு, தப்பித்தோம். எனக்கும் ஒரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை எனக்கு லேசாகக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. மதியம் அப்பாவும் வயலுக்குப் போகவில்லை. உள்ளே பாயைப் போட்டுப் படுத்திருந்தார். கண் மூடியிருந்ததே தவிர, தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் பயந்துகொண்டிருக்கிறார் போலிருக்கிறது, பாவம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு சொன்னேன்: "பயப்படாதீங்கப்பா. பெரியப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவருக்கு நல்ல செய்திதானே சொன்னேன், எதற்கு அழுகிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.