ஆம்புலன்ஸ் போயிருந்த இடம்

மக்களுக்குச் சேவை செய்யத்தான் அரசியலுக்கு வந்தேன் என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் முதல் காரணம் அது இல்லை. ஒரே ஒரு ஆளை என் முன்னால் நிற்கவைக்க வேண்டும் என்றுதான் வந்தேன். அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று முடிவாகிவிட்டதால் இப்போது எழுத முடிகிறது.

எம்.எல்.ஏ. ஆவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நர்ஸாக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் அதே மலையில் வேலை பார்த்தவர்கள். எங்கள் சர்ச் ஃபாதர் வற்புறுத்தியதால் என்னை மதுரைக்கு அனுப்பி நர்சிங் படிக்கவைத்தார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி என்றால் நான்கு கட்டில், ஒரு பிரசவ அறை, வாரத்தில் மூன்று நாள் வரும் டாக்டர். மற்ற நாட்களில் நானும் ஓர் ஆயாவும்தான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த கிழவர்கள்கூட என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

டாக்டர் வராத ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல், கொளுந்து பறிக்கிற ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. தலைப்பிள்ளை. பெண் குழந்தை நன்றாக அழுதது. நஞ்சுக்கொடியும் முழுதாக வந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. ஊசி போட்டேன். சலைன் ஏற்றினேன். அடிவயிற்றில் கையை வைத்துக் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தபடி, ஃபோனை என் காதில் வைக்கும்படி ஆயாவிடம் சொல்லி, எஸ்டேட் மானேஜரைக் கூப்பிட்டேன்.

"ஆம்புலன்ஸ் டவுனுக்குப் போயிருக்கு. இப்ப வந்துடும்" என்றார்.

இருபது நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன். "சார், உங்க ஜீப்பையாவது அனுப்புங்க. இவங்க தாங்க மாட்டாங்க."

"கெஸ்ட் வந்திருக்காங்க. அவங்கள மேல வியூ பாயின்ட் கூட்டிட்டுப் போகணும். நீ கொஞ்சம் சமாளி."

மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாகி ஆம்புலன்ஸ் வந்தது. வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கம்பெனி அதிகாரிகளின் விருந்துக்காக டவுனிலிருந்து ஏற்றி வந்த பிரியாணி அண்டாக்களை மானேஜர் பங்களா வாசலில் இறக்கிவிட்டுத்தான் வந்தது. ஆஸ்பத்திரி முற்றத்திலிருந்து பார்த்தால் பங்களா தெரியும். அந்தப் பெண்ணின் அம்மாவும் நானும் அங்கே நின்று அண்டாக்களை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளை ஏற்றினோம். வண்டிக்குள் மசாலா வாசனை இன்னும் இருந்தது. பள்ளிவாசல் ஊரைத் தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மானேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அவருக்கு ஃபோன் செய்த மூன்று நேரங்களையும் ரிஜிஸ்டரில் எழுதியிருந்தேன். கடைசி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடச் சொன்னார். நர்ஸ் தாமதமாகத் தகவல் சொன்னாள் என்று ஆகிவிடும், அவ்வளவுதான், சின்ன வார்னிங்கோடு முடிந்துவிடும் என்றார். மாட்டேன் என்றேன். அந்த வாரக் கடைசியில் ரிஜிஸ்டரே காணாமல் போனது. கம்பெனி விசாரணையில் வேறொரு ரிஜிஸ்டர் இருந்தது. அதில் என் கையெழுத்தைப் போலவே யாரோ எழுதியிருந்தார்கள். ஆயா ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். என்னை வேலையிலிருந்து எடுத்தார்கள்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது இறந்தவளின் அம்மா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எம் மகளக் கொன்னுட்டு நிக்கியேடி" என்று என் முகத்தில் துப்பினார். பின்னால் படியில் நின்ற மானேஜர் இறங்கி வந்து தன் கைக்குட்டையை நீட்டினார். "தொடச்சுக்கோ" என்றார், அன்பாக. வேலை போனதைவிட அந்தக் கை நீண்டதுதான் என்னை வருடக்கணக்கில் எரித்தது.

அடிமாலியில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக் காலம் ஓட்டினேன். சில வருடங்கள் கழித்து, நல்ல ஆஸ்பத்திரியும் கழிப்பறையும் கேட்டு எஸ்டேட் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினையும் குளுக்கோஸ் பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். மயங்கி விழுந்தவர்களைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பேசிப் பழக்கமில்லை. ஆம்புலன்ஸில் பிரியாணி வந்த கதையை மட்டும் சொன்னேன். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. அடுத்த வாரம் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

பஞ்சாயத்து மெம்பர், பிறகு பிளாக் பஞ்சாயத்து, பிறகு நியமசபை என்கிற கேரள சட்டசபை. திருவனந்தபுரத்தில் நான் முதல் தடவை பேசியபோது என் மலையாளத்தைக் கேட்டு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் நிறுத்தி, மிச்சத்தைத் தமிழில் பேசினேன். சுகாதாரத் துறைக் கமிட்டியில் இடம் கேட்டு வாங்கினேன். எஸ்டேட் ஆம்புலன்ஸை நோயாளிக்கு அல்லாமல் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வரும்வரை விடவில்லை. அதற்காக என்னைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு வரியையும் அந்த ஆளின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன் என்று யாருக்குத் தெரியும்?

அவர் தானாகவே வந்தார். ரிட்டையர் ஆகி வட்டவடை ரோட்டில் ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பாதை போட அரசாங்க நிலம் வேண்டும், என் சிபாரிசு இல்லாமல் ஃபைல் நகராது. திங்கட்கிழமைகளில் என் ஆபீஸில் மனு வாங்குவோம். அவரைப் பெஞ்சில் உட்காரவைக்கச் சொன்னேன். அவருக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். சாயங்காலம் ஆனதும் அடுத்த வாரம் வரச் சொன்னேன். நான்கு திங்கட்கிழமைகள். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பதையும் மறுபடி உட்காருவதையும் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஐந்தாவது திங்கட்கிழமை உள்ளே கூப்பிட்டேன். உட்காரச் சொல்லவில்லை.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது, மேடம்" என்றார்.

"அந்தப் பொண்ணோட அம்மா இன்னும் லயத்துலதான் இருக்காங்க. அன்னைக்கு வண்டி எங்க போயிருந்துச்சுன்னு அவங்ககிட்ட நீங்க போய்ச் சொல்லணும். ரிஜிஸ்டர் என்ன ஆச்சுன்னும் சொல்லணும்."

"சொன்னா?"

"ஃபைலப் பாக்கறேன்."

பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நானும் மானேஜரும் லயத்துக்குப் போனோம். அந்த அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மானேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். விருந்து, ஜீப், மாற்றி எழுதிய ரிஜிஸ்டர். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார் என்று எத்தனையோ வருடமாக நினைத்துவைத்திருந்தேன்.

அவர் கையிலிருந்த சேலையை உதறிக் கொடியில் போட்டார்.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக? அண்டா எறக்குறத நானுந்தான பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவரு மேல துப்பியிருந்தா லயத்த விட்டு எறக்கியிருப்பாக, சிஸ்டர். வீட்டுக்காரரு சீக்காளி, சின்னவ பள்ளிக்கூடம் போறா. நான் எங்க போவேன்? ஒங்க மேல துப்புனா ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்."

நான் ரோட்டுக்கு ஏறினேன். மானேஜர் பின்னாலேயே வந்து, "மேடம், ஃபைல்..." என்று ஆரம்பித்தார்.

"பாத்துட்டேன். நீங்க கேக்கற எடம் ஓடைப் புறம்போக்கு. தர முடியாது."

அது உண்மை. முதல் திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். வேறு யாராவது என்றால், கிழக்கே தள்ளி இன்னொரு வழி இருக்கிறது, அதற்கு மனு போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அவருக்குச் சொல்லவில்லை. அவர் வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன். இனித்தது. அந்தக் கட்டடம் கூரை இல்லாமல் நிற்கிறது. அவர் இந்த மலையை விட்டே போய்விட்டார்.

போன மாதம் அந்த அம்மாவின் மனு என் மேஜைக்கு வந்தது. அரசாங்கத் திட்டத்தில் வீடு கேட்டிருந்தார், என் சிபாரிசுக் கடிதம் வேண்டும். குறை எதுவும் இல்லாத மனு. இரண்டு வாரம் அதை டிராயரிலேயே வைத்திருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஏன் தாமதம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.