நான் எழுதிக் காட்டிய வீடு

போன கோடையில் நடந்தது. காட்பாடியில் ஓர் இன்டீரியர் டிசைன் நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு. மேல்விஷாரத்தில் நாங்கள் முடித்துக் கொடுத்த ஒரு வீட்டைப் பற்றி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். படிப்பவர் அந்த வீட்டுக்குள்ளேயே நடப்பதுபோல எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எழுதினேன். கணவர் ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்குப் போனால் இரவில்தான் திரும்புவார், பகலெல்லாம் தனியாக இருக்கும் மனைவிக்காக இந்த ஜன்னலோர இருக்கை என்றேன். படுக்கையறைக் கண்ணாடியைத் தள்ளினால் பின்னால் லாக்கர் இருப்பதையும் விடவில்லை. ஊர்ப் பெயரோடு, பச்சை கேட் தெரியும் வாசல் படத்தையும் போட்டேன். படங்களுக்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்திருந்தார்கள். நான் என்ன எழுதுவேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சில நாள் கழித்து, மதியம், அலுவலகத்துக்கு ஒரு போன். ஆண் குரல்.

"கண்ணாடிக்குப் பின்னாடி லாக்கர் வெச்சீங்களே, சூப்பர்மா. அது மேல்விஷாரத்துல அந்தப் பச்சை கேட்டு வீடுதானே?"

"நீங்க யாருங்க?"

"சும்மா கேட்டேன். அந்தம்மா இப்பவும் தனியாத்தான் இருக்காங்களா?"

போனை வைத்துவிட்டார். அந்த வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணவரின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாலாற்றுப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே போகும்போது, நான் எழுதிய ஒவ்வொரு வரியும் யாருக்கோ வழி சொல்வதுபோல மண்டைக்குள் ஓடியது.

கேட் திறந்திருந்தது. வாசல் கதவும் ஒருக்களித்திருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். உள்ளே மிக்ஸி ஓடி நின்றது.

"இன்னா புள்ள, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் போய்க் கதவைத் தாழிட்டார். "இன்னா எழுதின, படி பாப்போம்."

போனிலிருந்து படித்தேன். லாக்கர் வரி வந்ததும் குரலைத் தாழ்த்தினேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "திருடனுக்கு ஒரு சந்தேகமும் வராது."

சிரிக்கப் பார்த்தார். இன்னொரு முறை தாழ்ப்பாளை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை உடனே நீக்கச் செய்தேன். அவர் கணவர் வரும்வரை, தெருவில் வண்டி நிற்கும்போதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்திக் காதைக் கூர்மையாக்கினோம். யாரும் வரவில்லை.

போன் செய்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. வெறும் வாடிக்கையாளராகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எந்த வீட்டைப் பற்றி எழுதினாலும் அந்தக் குரலில் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். அதில் பயம் தட்டினால், எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் அடித்துவிடுகிறேன்.