கண்காணியும் கங்காணியும்

பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரே அப்பா காலி காப்பித் தம்ளரை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்க வருகிறார் என்று தெரிந்தது. நானாக என்னவென்று கேட்கவில்லை. எனக்கும் கொழுப்புதான்.

“ஏட்டி, நீ சரித்திரம்லா சொல்லிக் குடுக்க. மொதமொதல்ல இருந்த கிறிஸ்தவங்க செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணுனாங்களா?”

சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது. கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கங்காணியாக இருந்தவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பரம்பரைப் புராட்டஸ்டண்ட். போதகர் மலையேறி வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் இவரே எழுந்து நின்று பிரசங்கம் பண்ணுவார். செத்தவனுக்காக ஜெபிக்கிறது பஸ் போன பிறகு கை காட்டுகிற மாதிரி என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தவர். நான் பாலக்காட்டுப் பக்கம் சித்தூருக்குக் கிழக்கே ஒரு கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டபோது, கல்யாணப் பூசையில் எல்லாரும் முழங்கால் போட, கடைசிப் பெஞ்சில் இவர் ஒருத்தர் மட்டும் விறைப்பாக நின்றார். போட்டோவில்கூடத் தெரியும்.

ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அம்மா அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே போய்விட்டாள். ஒரு டிரங்குப் பெட்டியும் வேதப்புத்தகமுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கோவிந்தாபுரம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. மலையில் இருந்தவருக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. பொழுது போகாமல் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“பார்த்துச் சொல்றேம்ப்பா” என்றேன். சும்மா சொல்லவில்லை. யாராவது என்னிடம் கேள்வி கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

பங்குச் சாமியாரிடம் பழைய சபைப் பிதாக்களின் எழுத்துகள் இங்கிலீஷில் தடித்தடியாக இருந்தன. “எடுத்துட்டுப் போங்க டீச்சர். முழுசா படிச்சா நீங்க எங்க பக்கம் வந்துருவீங்க” என்று சிரித்தார். எந்தப் பக்கம் போகவும் எனக்கு எண்ணமில்லை. கல்யாணமான நாளிலிருந்தே நான் ரெண்டு கோவிலுக்கும் பாதி ஆள்தான்.

படிக்கப் படிக்க எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ரோமாபுரிக்குச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போகப்பட்ட ஒரு பிஷப், போகிற வழியில் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளுகிறார். நற்கருணை அப்பத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதை வாசித்தால் இன்றைக்குச் சாமியார் பூசையில் சொல்வது மாதிரியே இருக்கிறது. சரி, கத்தோலிக்கர்தான் போலிருக்கிறது என்று அடுத்த கடிதத்தைப் பிரித்தால், ரோமிலிருந்தே ஒருத்தர், நம் செயலால் அல்ல, விசுவாசத்தால்தான் என்று எங்கள் எஸ்டேட் பிரசங்கத்தை எழுதி வைத்திருக்கிறார். இவர்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை போட்டவர்கள் எல்லாம் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து வந்து, ஆளுக்கொரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

செத்தவர்கள் விஷயமும் அப்படித்தான். ஆப்பிரிக்காவில் இருந்த ஒருத்தர், வக்கீல் மாதிரி வாதாடுகிறவர், வருஷா வருஷம் இறந்தவர்களுக்காகக் காணிக்கை படைக்கிறோம் என்று சர்வ சாதாரணமாக எழுதுகிறார். அதற்கு வசனம் எங்கே என்று கேட்டால் வசனம் கிடையாது, வழக்கம்தான் என்று அவரே சொல்லியும் விடுகிறார். முதல் பாதியைச் சாமியாரிடம் சொன்னேன், முகமெல்லாம் மலர்ந்தது. ரெண்டாம் பாதியைச் சொன்னால் எங்கள் ஐயர் முகம் மலரும்.

ஐயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். “எஸ்டேட் ஐயருக்கு ஒரு போன் போடுட்டி, அவர் என்ன சொல்லுதாருன்னு கேப்போம்” என்று அப்பா சொன்னதும், என் வீட்டுக்காரர் பதறிப்போய் உள்ளேயிருந்து வந்தார். “ஏனுங்க மாமா, நம்மூட்டுக்கு எதுக்குங்க ஐயரு? ஹோமம் எதும் பண்றீங்களா?” பாலக்காட்டுக்காரருக்கு ஐயர் என்றால் கல்பாத்தி அக்ரகாரத்தில் இருப்பவர்தானே. அப்பா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். இங்கே வந்த பிறகு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் செய்த முட்டாள்தனம் அதற்கு அடுத்த வாரம் நடந்தது.

சாயங்காலம் அந்தச் சங்கிலி பிஷப்பின் கடிதத்தை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிஷப் என்கிற இடத்தில் ஆயர் என்று சொல்லியிருக்கலாம், அது கத்தோலிக்கர் சொல். பிஷப் என்றே விட்டுத் தொலைத்திருக்கலாம். நான்தான் பெரிய மேதாவியாயிற்றே, அப்பாவின் பழைய வேதப்புத்தகத்தில் இருக்கிற சொல்லையே போட்டேன். அதில் பிஷப்புக்குக் கண்காணி என்று பெயர். எஸ்டேட்டில் ஆள் மேய்க்கிறவர் கங்காணி. ஒரே சொல்தான், ஓர் எழுத்து தேய்ந்திருக்கிறது. ‘என் உத்தியோகம் வேதத்துலயே இருக்குடே’ என்று அப்பா வருஷக்கணக்காகப் பெருமையடித்த சொல் அது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“கண்காணி இல்லாம சபையில யாரும் எதுவும் செய்யக் கூடாதாம்ப்பா. ஞானஸ்நானம்கூடக் கொடுக்கக் கூடாதாம். கண்காணி சரின்னு சொன்னாத்தான் தேவனுக்கும் சரியாம்.”

அப்பா என்னையே பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“மூடிருட்டி அத” என்றார்.

“ஏம்ப்பா?”

“கங்காணி சரின்னு சொல்லணுமா? உங்கம்மையும் அப்படித்தாம்ட்டி எங்கிட்ட கேட்டா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். என்னைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மாவும் அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள்தான், அப்பா மேய்த்த கூட்டத்திலேயே. கடைசி மழைக்காலத்தில் ஒரு நாள் காலை நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றிருக்கிறாள். லீவு வேண்டும் என்று நேராகக் கேட்கவில்லை. வாசலில் நின்று, கைகட்டி, சிரித்துக்கொண்டே, “கங்காணியாரே, இன்னைக்கு ஒரு நாள் என்னைய விட்டுருங்களேன்” என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள். அந்த வாரம்தான் அப்பா இன்னொரு பெண்ணுக்கு லீவு இல்லையென்று சொல்லி, அவள் ஊரைக் கூட்டியிருந்தாள். இப்போது பெண்டாட்டியை வீட்டில் விட்டால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? “வந்து சும்மாவாவது நில்லு” என்றிருக்கிறார். வந்து நின்றாள். மத்தியானம் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஜீப்பில் கீழே கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். திடீரென்று வந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அப்பாவும் அப்படித்தான் சொன்னார். அப்பா மேல் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியிருப்பேன். அவர் உள்ளங்கையால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் ஒன்றும் சிந்தவில்லை. என்னத்தைச் சொல்லிக் கத்த?

அதற்குப் பிறகு நான் அந்தப் புத்தகங்களைப் படித்தது வேறு மாதிரி. யார் பக்கம் ஜெயிக்கிறது என்று பார்க்கவில்லை. தொலைந்த சாவியைத் தேடுகிறவள் மாதிரி தேடினேன்.

சாமியாரிடம் போனோம். நல்ல மனுஷர், கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பேரையெல்லாம் வாசித்து மன்றாடுவோம், அம்மா பேரையும் எழுதிக் கொடுங்கள், பாவக்கறை தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆன்மாக்களுக்கு அது ஆறுதல் என்றார். அப்பா கையை உருவிக்கொண்டார்.

“அவ அங்க கெடந்து வேகுதான்னா சொல்லுதீய? எதுக்கு வேகணும்? அனுப்புனது நானு.”

வீட்டுக்கு வந்ததும் எஸ்டேட் ஐயருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்தான் பேசினார். அவரும் நல்ல மனுஷர்தான். அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறுகிறாள், அவளுக்கு இனி யார் ஜெபமும் தேவையில்லை, நீங்கள் பாவத்தை அறிக்கையிட்டால் கர்த்தர் மன்னிக்கிறார், அவ்வளவுதான் என்றார். அப்பா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“கர்த்தர் மன்னிச்சிருவாருய்யா. அவரு ஆரத்தான் மன்னிக்கல? அவ மன்னிக்கணும்லா.”

ஜெபிப்போம் என்று சொல்லி ஐயர் ஜெபித்தார். அப்பா கண்ணை மூடவில்லை.

நான் விடவில்லை. ரோமாபுரியின் சுரங்கக் கல்லறைகளில் சாதாரண ஜனங்கள், எங்களுக்காக வேண்டிக்கொள் என்று செத்தவர்களுக்குச் சுவரில் கீறி வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். அதே ஆப்பிரிக்காவில் பிற்பாடு ஒரு பிஷப் இருந்தார், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அவருடைய அம்மா சாகும்போது, என்னை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பலிபீடத்தில் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றாளாம். மகனும் அவளுக்காக மன்றாடியிருக்கிறார். அதைப் படித்து நான் அழுதேன். ஆனால் செத்துப்போன பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்ட ஒரு ஆளை அத்தனை புத்தகத்திலும் நான் காணவில்லை. சபை, அப்பம், ஞானஸ்நானம், மூப்பர், கண்காணி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தவர்களுக்கு இது ஒன்று தோன்றவில்லையா? பாதிப் பேருக்குக் குடும்பமே கிடையாது, எங்கே தோன்றும்?

“கெடச்சுதா?” என்று அப்பா தினமும் கேட்பார். “இல்லப்பா” என்பேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்டோபர் கடைசியில், அவரிடம் கேட்காமலே, அம்மாவின் பேரை எழுதிக் கோவில் பெட்டியில் போட்டேன். அவர் வேண்டாம் என்றது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பதைவிடத் தப்பாக ஏதாவது செய்வது மேல் என்று அன்றைக்குத் தோன்றியது.

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் மாமனார் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் புறப்பட்டோம். அப்பாவும் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் எதிர்பார்க்கவேயில்லை. வரவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சனங்கள் கல்லறைகளுக்கு நடுவே நின்றார்கள். சாமியார் மைக்கில் பேர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பேராக, நிதானமாக, சின்ன இடைவெளி விட்டு.

அப்பா முதல் நாலைந்து பேருக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலை மெல்ல நிமிர்ந்தது. பேர் வாசிப்பது அவருக்குத் தெரிந்த வேலை. முப்பது வருஷம் தினம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் ஆபீஸ் முன்னால் நோட்டைப் பிடித்து நின்று வாசித்தவர். ‘இருக்கேன்’ என்று பதில் வந்தால்தான் அடுத்த பேருக்குப் போவார்.

அம்மாவின் பேர் வந்தது.

அப்பா சட்டென்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முன்வரிசை, பின்வரிசை, சுவரோரம் நின்ற பெண்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சாமியார் அடுத்த பேரை வாசித்தார், அதற்கடுத்த பேரையும் வாசித்தார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

“ஏட்டி, அவர நிறுத்தச் சொல்லுட்டி. அவ இன்னும் சத்தங் குடுக்கல.”