அலுமினியப் பேசினும் அவரைப் பருப்பும்

என் மேசைக்கு அடியில் ஓர் அலுமினியப் பேசின் இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியது. தரையில் வைத்தால் லேசாக ஆடும். வருடத்தில் ஒன்பது மாதம் அதில் பழைய விடைத்தாள்கள் கிடக்கும். மார்கழி பிறந்து, மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அவரைக்காய் மலை மலையாக வந்து இறங்கியதும் தாள்களை எடுத்துவிட்டுக் கழுவி வைப்பேன். ஊறிய அவரைக்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு வந்து பேசினில் விழும். அந்த வாசனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. இங்கே அதைச் சொகடு என்பார்கள். இந்த வாசனை வந்தால் எனக்குக் காலம் கொஞ்சம் கலங்கிவிடும். பனிமூட்டத்தில் எதிர் வீடு தெரிவது மாதிரி, பெரிய மிஸ் எதிரே உட்கார்ந்திருப்பது தெரியும்.

அவர் எங்கள் பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் கன்னடத்திலும் கொஞ்சும்போது தமிழிலும் பேசுவார். மனசு சரியில்லாத பெண்களை அவரிடம் அனுப்புவது பள்ளியின் வழக்கமாக இருந்தது. இப்போது அதற்குக் கவுன்சிலிங் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறோம். அப்போது பலகையும் கிடையாது, படிப்பும் கிடையாது, இந்தப் பேசின்தான். உயிரியல் கூடத்தின் மூலையில், பாம்பும் தவளையும் மிதக்கும் ஜாடிகளுக்குக் கீழே ஒரு பாய் விரித்திருப்பார். வருகிற பெண்ணிடம் என்ன ஏது என்று கேட்கமாட்டார். "கூத்கோ மகளே" என்று உட்காரவைத்து, பேசினை நடுவில் தள்ளுவார். இருவரும் குனிந்து பிதுக்கிக்கொண்டே இருப்பார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதாலோ, கைக்கு வேலை இருப்பதாலோ, கால் மணி நேரத்தில் அந்தப் பெண் தானாகப் பேசத் தொடங்கிவிடும். அவரைக்காய் இல்லாத மாதங்களில் பச்சை வேர்க்கடலை, இல்லாவிட்டால் புளி. ஆனால் அவரைக்காய்க் காலத்தில்தான் பெண்கள் அதிகம் பேசினார்கள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

நான் தொண்ணூறுகளின் நடுவில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கணக்கு டீச்சராக வந்து சேர்ந்தவள். ஹாஸ்டலில் தனியறை. ஊர்ப் பேச்சைக் கேட்டால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். ஓய்வறையில் எனக்கு நாற்காலி இல்லை என்பதால் பெரிய மிஸ் தன் கூடத்தில் அலமாரிக்குப் பின்னால் ஒரு மேசை கொடுத்தார். அங்கே உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். பாயில் பேசுவதெல்லாம் காதில் விழும். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்: "இங்க கேட்டது இந்தத் தோலோட சேர்ந்து குப்பைக்குப் போயிடணும். ஆய்த்தா?" நான் பலமாகத் தலையாட்டினேன். என் வாயைப் பற்றி எனக்கே அப்போது தெரியாது.

அந்த ஜனவரியில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். என் வகுப்பில் கணக்கு நன்றாகப் போடுகிறவள். பருப்பைப் பிதுக்கிக்கொண்டே அழுதாள். பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் கடிதம் நீட்டுகிறானாம். இவள் வாங்கவில்லை, பயம்தான். "வீட்ல தெரிஞ்சா ஸ்கூல நிறுத்திருவாங்க மிஸ்." பெரிய மிஸ் சரி என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து ஒரு வாரம், சாயங்காலம் குடையை ஊன்றிக்கொண்டு அந்த ஸ்டாப்பில் போய் நின்றார். யாரையும் அதட்டவில்லை. சும்மா நின்றார். பையன் வேறு ஸ்டாப் பார்த்துக்கொண்டான். விஷயம் அத்தோடு முடிந்தது.

முடிந்ததை நான் திறந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம். "ஏன் தங்கச்சி, எளச்சிட்ட? ஒருநா ஊட்டுக்கு வந்து களி துன்னுட்டுப் போ" என்றார். அந்தப் பேச்சில் நான் அப்படியே உருகிவிட்டேன். இவரிடம் சொல்வதற்கு என்ன, நம்ம ஊர்க்காரர்தானே என்று தோன்றியது. "பயப்படாதீங்கக்கா, எல்லாம் சரி பண்ணிட்டோம்" என்று ஆரம்பித்து, கடிதம், பையன், பஸ் ஸ்டாப் எல்லாவற்றையும் பெருமையாகக் கொட்டிவிட்டேன். அவர் முகம் மாறியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவரைக்காயில் எது முற்றல், எது பிஞ்சு என்று பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை தோழிகள் சொன்னார்கள்: படிப்பை நிறுத்திவிட்டார்கள், ஊரில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஒரு பெண்ணின் படிப்பை என் நாக்கு அறுத்துப் போட்டிருந்தது. யார் சொன்னது என்று பெரிய மிஸ் கேட்பார் எனக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "சாயங்காலம் நீயும் வா" என்றார். ஒரு தூக்கில் ஊறிய அவரைக்கொட்டை, துணிப்பையில் இந்தப் பேசின்.

ரயில் பாதைக்கு அருகே ஓட்டு வீடு. அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் வாசலில் நின்றுவிட்டார். பெரிய மிஸ் பள்ளியைப் பற்றிப் பேசவே இல்லை. "எனக்குக் கை ஓடமாட்டேங்குதும்மா, கொஞ்சம் ஒத்தாசை பண்ணு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மூவரும் பிதுக்கினோம். நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கிளம்பும்போது பெரிய மிஸ் எங்கள் இருவர் பருப்பையும் கையால் அளைந்து பார்த்து, சிலவற்றை எடுத்து மறுபடி பிதுக்கிப் போட்டார்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. தேர்வு நெருங்குகிறது, இவர் பருப்பு உரிக்கிறார்! நான்காம் நாள், தலை நிமிராமலேயே அந்த அம்மா சொன்னார்: "நானும் ஒம்போதாவதோட நின்னவதான் மிஸ். இதே மாதிரிதான். யாரோ வந்து எங்கப்பன்கிட்ட என்னமோ சொன்னாங்க." சொல்லிவிட்டு அழுதார். பெரிய மிஸ் ஆறுதல் சொல்லவில்லை. பேசினை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடந்ததோ, யார் யாரிடம் சண்டை போட்டார்களோ எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் அம்மாவே மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் விட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு வேறு பதில் போயிருந்தது. அவள் தேர்வு எழுதினாள், பி.யூ.சி.யும் படித்தாள். பிறகு எங்கோ கல்யாணமாகிப் போனாள் என்று கேள்வி.

பத்து வருடம் அதை விழுங்கிக்கொண்டே இருந்தேன். பெரிய மிஸ் ஓய்வு பெற்று, சந்தாபுராவில் தங்கை வீட்டோடு போய்விட்டார். ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம், ஊறவைத்த அவரைக்கொட்டையோடு இரண்டு பஸ் மாறிப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நான் பிதுக்க, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தபடியே சொல்லிவிட்டேன்: அன்றைக்கு அந்த அம்மாவிடம் சொன்னது நான்தான்.

"அன்னைக்கே தெரியும்" என்றார். "மொத நாள் அவங்க வீட்ல நீ பிதுக்கினதுல பாதி தோலோட கெடந்துச்சு. அந்தம்மா பிதுக்கினதும் அப்படியே. ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கல. அப்புறம் என்ன கேக்கறது?"

"திட்டியிருக்கலாமே மிஸ்."

"திட்டியிருந்தா நீ மறுநாளே ஊருக்கு பஸ் ஏறியிருப்ப. ஒரு பொண்ணு போனது சாலதா?"

போதாதா என்று கேட்கிறார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. அவர் நடுங்கும் கையால் என் பருப்பை அளைந்து, "இப்ப பரவால்ல" என்றார். கிளம்பும்போது பேசினைக் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த அவரைக்காய்க் காலத்துக்கு அவர் இல்லை.

நேற்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்தப் பேசினுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். மாலையில் கேட்டருகே அவள் அம்மா காத்திருந்தார். பேச்சை வைத்தே திருப்பத்தூர்ப் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். "மிஸ், எம்பொண்ணு எதுனா சொன்னாளா?" என்று கேட்டார். நாக்கு ஒரு கணம் எழும்பித்தான் பார்த்தது. "நல்லா பருப்பு பிதுக்கறாம்மா" என்றேன். "இன்னிக்கு ஒரு கிலோ வாங்கிட்டுப் போய், நீங்களும் கூட உக்காருங்க." அவர் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் திரும்பினார். நான் உள்ளே வந்து பேசினைக் கையால் அளைந்து பார்த்தேன். என் பக்கத்தில் ஒன்று தோலோடு கிடந்தது. எடுத்து மறுபடி பிதுக்கிப் போட்டேன்.