லாபம், ரெண்டு, மூணு

...அதான் அந்த மூணாவது வீட்டுக்காரி என்னப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. "பேரம்பேத்தி எடுத்தவளுக்கு ஜிம்மு கேக்குதோ"ன்னு கொழாயடியில வச்சுச் சொன்னாளாம். சொல்லட்டும். மாமியா செத்த அன்னைக்கு போட்டோவுல விழணும்னு பவுடரு போட்டவ அவ. அத விடு.

ஏளா, நான் எதுக்குப் போனேன்னு உனக்குத் தெரியும்லா? எல்லாம் கருப்பட்டிக் கடை ஷட்டரால வந்தது. அவுக போனபொறவு கடைய நாந்தான பாக்கேன். கடக்காத்துல துருவேறி அந்தச் சவம் அசையவே மாட்டேங்கு. என் தோளும் விழுந்துட்டு. காலைல கடை முன்னால நின்னுக்கிட்டு, ஹார்பருக்கு வேலைக்குப் போற பயலுவகிட்ட, "ஏலே, செத்த தூக்கி விட்டுட்டுப் போங்கலே"ன்னு கெஞ்சணும். மவன் சென்னையில இருந்து போன் போட்டு, "ஷட்டரு தூக்க முடியாதவளுக்குக் கடை எதுக்கும்மா? பூட்டிட்டு இங்க வந்து டிவி பாரு"ங்கான். டிவி பாக்கவாளா என்னப் பெத்துப் போட்டாக?

டாக்டரு வெயிட்டு தூக்கச் சொன்னாரு. மக்ரூன் கடைக்கு மாடியில பொம்பளையளுக்குன்னு ஒரு ஜிம்மு இருக்குலா, அங்கன போனேன். மக்ரூன் சுடுத வாசம் படியேறி வருது பாரு, அதத் தாண்டி மேல போவுததே ஒரு எக்சர்சைஸுதான். கோச்சு ஒரு சின்னப் பிள்ள, மெட்ராஸ்காரி. எனக்குத்தான் எழுத்து தெரியாதே, டம்பெல்ல கலர வச்சுத்தான் எடுப்பேன். எனக்குப் பச்சை.

மொத நாளு, "எண்ணிக்கிட்டே தூக்குங்க பாட்டி"ன்னா. நானும் கடையில பயறு, உளுந்து அளக்குத மாதிரியே, "லாபம், ரெண்டு, மூணு"ன்னு எண்ணுனேன். முடிச்சா, "பாட்டி, ஒண்ணு குறையுதே"ங்கா. "ஏளா, லாபம்தான் ஒண்ணு"ன்னேன். "லாபம்னா மேல வர்றதுதானே? அது கணக்குல சேராது, இன்னொண்ணு தூக்குங்க"ங்கா! சிரிச்ச சிரிப்புல டம்பெல்லு கால்ல விழப் பாத்துச்சு. பொறவு சொல்லிக் குடுத்தேன். படி போடையில ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னுதான் தொடங்குவோம், தொடங்குனா அதோட நிறுத்தவும் கூடாது, கடைக்கு ஆவாதுன்னு. "ஓகோ"ன்னு கேட்டுக்கிட்டா.

நல்லாத்தான் போச்சு. என் புத்தி சும்மா இருந்தாத்தான? பக்கத்துல ஒரு வக்கீலம்மா மஞ்சள் கலரத் தூக்குதா, அது பச்சையவிடக் கனம் கூட. அவளுக்கு என்ன, என் வயசுதான். கோச்சு அங்கன திரும்பின நேரம் பாத்து நானும் மஞ்சள எடுத்தேன். கை இங்கன, கண்ணு அந்தம்மா மேல. எண்ணிக்கையும் போச்சு, தோளும் பிடிச்சுக்கிட்டு. அளக்கையில பராக்கு பாத்தா அளவு தப்பும்னு கடையில எத்தன பேர ஏசியிருப்பேன்!

வீட்டுல படுத்தேன். வலி போன பொறவும் எந்திரிக்க மனசில்ல. இனி நமக்கு என்னத்துக்கு, மவன் சொல்லுததுதான் சரின்னு சூட்கேசக்கூட தொடச்சு வச்சுட்டேன். அப்போ கோச்சு போன் பண்ணுதா. "பாட்டி, முழுசா ஒண்ணும் வேண்டாம். வந்து லாபம் மட்டும் தூக்கிட்டுப் போங்க."

ஒண்ணுதானன்னு போனேன். பச்சைய எடுத்து "லாபம்"னேன். அவ்வளவுதான், கைய இறக்க முடியல. லாபத்தோட நிறுத்துனா ஆவாதுலா! ரெண்டு, மூணுன்னு அதுபாட்டுக்குப் போவுது. திரும்பிப் பாத்தா அவ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. கள்ளி! நான் சொன்னத வச்சே என்னப் பிடிச்சுட்டா. அதுல இருந்து மனசு வராத நாளெல்லாம் லாபம் மட்டும்னு சொல்லித்தான் செருப்பப் போடுதேன். எண்ணும்போது எவளையும் பாக்குததில்ல.

இன்னைக்குக் காலைல என்ன ஆச்சு தெரியுமா? ஷட்டருக்கு எண்ணெ விட்டேன், அதையும் சொல்லிருதேன். முட்ட மடக்கிக் குனிஞ்சு, மூச்சப் பிடிச்சு, "லாபம்"னேன். இடுப்பு வரைக்கும் வந்துச்சு. "ரெண்டு." நெஞ்சு வரைக்கும். "மூணு"ன்னதும் கடகடன்னு மேல போயிட்டு! ஹார்பர் பயலுவ நின்னு பாத்துட்டு, "ஆச்சி, இனி நாங்க எதுக்கு?"ங்கானுவ. "கருப்பட்டி வாங்கத்தாம்லே"ன்னேன்.

மவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நீயாம்மா தூக்குன?"ன்னு ரெண்டு மட்டம் கேட்டான். பொறவு, "சரிம்மா, பொங்கலுக்கு நாங்களே அங்கன வாரோம், கருப்பட்டி எடுத்து வையி"ங்கான்.

நீயும் நாளைக்கு வாளா. முட்டு வலின்னு எத்தன நாளைக்குத்தான் தைலம் தேய்ப்ப? லாபம் மட்டும் தூக்கு, மத்தத பொறவு... ஏ, கொழாயில காத்து ஊதுது, தண்ணி வந்துட்டு! ஓடு, உன் கொடத்தையும் எடுத்துட்டு வா, நானே தூக்குதேன். மூணாவது வீட்டுக்காரி அங்கனதான் நிப்பா, பாக்கட்டும்.